சுருட்டை வாலுக்குள் சீழ், முகமடிப்பில் நாற்றம்: புல்டோக்கின் தோல் வருத்தத்தை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

எங்கள் சண்டியன் வந்த அன்று 18 கிலோ. நெல்மூடை நிறுக்கும் தராசில் சாக்கு விரித்து, அவனைத் தூக்கி வைத்துத்தான் நிறுத்தோம். அந்த மண்டைக்கும் நெஞ்சுக்கும் 23, 24 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். பரந்தன் பக்கம் ஒரு வளவில், வீட்டுக்காரர் வெளிநாடு போன பிறகு காவலுக்கென்று விட்டுவிட்டுப் போன நாய். சோறு போட ஆள் வந்ததாம், தொட்டுப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், கோழிக்குஞ்சு வந்தாலே பின்னுக்குப் போகிற சண்டியன்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். இவனுடைய வாலை நிமிர்த்துவது கிடக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் போனது. கண்டுபிடித்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினேன்.

அதன் பிறகு ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் பாதி என்னால்தான் வீணானது. கழுவிவிட்டு ஈரத்தோடு விட்டேன், எந்தப் புண் என்று பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே கிறீமைப் பூசினேன். அதனால்தான் மருந்துப் பெயரில் தொடங்காமல் கண்ணுக்குத் தெரிவதில் தொடங்கி எழுதுகிறேன். ஊர் நாயின் சொறிக்கும் இதில் பாதி பொருந்தும்.

தோலைப் பார்க்க முன்னம்

தோல் ஒரு கிழமை பொறுக்கும், சிலது பொறுக்காது. முரசு வெளிறியிருக்கிறதா, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகிறதா, சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறதா? காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணியும் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதைத் தருகிற பபேசியா, எர்லிக்கியா கிருமிகள் இரண்டுமே நம் நாட்டு நாய்களில் சாதாரணம், இரத்தம் சோதித்தால்தான் தெரியும். உடம்புச் சூடு குதவழியாகப் பார்த்து 39.5 பாகைக்கு மேலே இருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள், வால் பிறகு.

மற்றது வெக்கை. மூக்குச் சப்பையான நாய்க்கு மூச்சால் உடம்பைக் குளிர்விக்கிற வசதி குறைவு. சித்திரை மாத மத்தியானத்தில் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடாதீர்கள், காலை ஏழு மணிக்கு முன் போங்கள், ஈரத் துவாய் ஒன்று கையில் இருக்கட்டும். புண்ணைப் பார்க்கும்போது கடிக்கும் என்று வாயைத் துணியால் கட்டுகிற பழக்கமும் இந்தச் சாதிக்கு ஆகாது. மூக்கால் போகிற காற்று அதற்குப் போதாது.

பின்பக்கத்தைத் தேய்க்கிறது, நாற்றம் வருகிறது

எப்படித் தேய்க்கிறது என்று ஐந்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். நிலத்தில் குந்தி, பின்னங்காலை முன்னுக்கு நீட்டி இழுத்துக்கொண்டு போனால் குதச்சுரப்பி அடைத்திருக்கும், அல்லது நாடாப்புழு. கருவாட்டு மணம் சுரப்பியினது. குதத்தைச் சுற்றி அரிசிமணி போல ஒட்டியிருந்தால் புழு, அந்தப் புழு தெள்ளால் பரவுவதால் தெள்ளையும் சேர்த்து ஒழிக்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் இலகு.

நின்றபடி சுவருக்கோ படிக்கோ முதுகைக் காட்டி, வாலடியை வைத்து அரைத்தால் அது வால்பை, அதாவது வாலடித் தோல் மடிப்பில் உண்டாகிற குழி. எங்கள் வீட்டுப் பின்படியின் ஓரம் ஒரு அடி உயரத்தில் எண்ணெய் தடவியதுபோலக் கறுத்திருந்தது. மழை ஊத்தை என்று நினைத்து நான் இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன். புல்டோக்குக்குத் தன் வாலடிக்கு வாயும் எட்டாது, காலும் எட்டாது, பாவம், சுவர்தான் அதற்குக் கை.

புல்டோக்கின் வால் பிறப்பிலேயே முறுகி, எலும்புகள் கோணலாக ஒட்டி, உடம்போடு அழுந்திக் கிடக்கிறது. அதற்குக் காரணமான மரபணுப் பிழையை 2018இல் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். வாலின் கீழோ பக்கத்திலோ தோல் மடிந்து ஒரு குழி உண்டாகும். காற்றுப் போகாது, வெயில் படாது, உதிர்ந்த மயிரும் வியர்த்த கொழுப்பும் உள்ளே தங்கும். சண்டியனுக்கு என் சுண்டுவிரல் முதல் கணுவரை முழுதாக உள்ளே போனது. வெளியே வந்தது பழைய வெண்ணெய் மாதிரிச் சாம்பல் நிறக் களி, நடுவில் மயிர்ச் சுருள்.

துப்புரவாக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் இருந்து நெஞ்சை அணைத்துப் பிடித்துக் கதை சொல்ல வேண்டும், மற்றவர் கையுறை போட்டுக்கொண்டு பின்னால். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த கோஸ் துணியை விரலில் சுற்றி, குழிக்குள் வைத்து இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். காய்ந்த களி இளகும். சுரண்ட வேண்டாம், விரலைச் சுழற்றி வெளியே எடுத்தால் போதும். அடுத்தது குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிகொல்லி. ஆஸ்பத்திரியில் கை கழுவுகிற 4 வீத ஸ்க்ரப்தான் பாமசியில் கிடைத்தது, அதில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டு உள்ளே பூசி, மணிக்கூட்டைப் பார்த்து பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகு நன்றாக அலசினோம். பூசின உடனேயே கழுவினால் வேலை செய்யாது. கண்ணிலும் காதுக்குள்ளும் இது படவே கூடாது.

இதற்குப் பிறகு வருவதுதான் நான் மூன்று மாதம் செய்யாமல் விட்ட வேலை. உலர்ந்த கோஸை உள்ளே வைத்து எடுங்கள், ஈரமாக வரும். புதியது ஒன்று வையுங்கள், அதுவும் கொஞ்சம் ஈரமாக வரும். வைத்த மாதிரியே உலர்ந்து வரும்வரை நிறுத்த வேண்டாம், எங்களுக்கு நாலு துணி போகும். மாரியில், ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று அடிக்கிற நாட்களில், ஆறும் போகும். பேபி பவுடர் போட்டால் காயும் என்று நானும் போட்டேன். அது உள்ளே ஈரத்தோடு குழைந்து சீமெந்து மாதிரி இறுகி, எடுக்கப் போனபோது அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பஞ்சு சுற்றிய குச்சியும் வேண்டாம், பஞ்சு கழன்று உள்ளே நின்றுவிடும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் ஆறுகிற சதையைச் சுட்டுவிடும்.

முதல் இரண்டு கிழமை தினமும், பிறகு கிழமைக்கு இரண்டு மூன்று தரம். தொட்டாலே துள்ளினாலோ, வாலடி கல்லுப் போல வீங்கியிருந்தாலோ, ஒரு கிழமையாகியும் சீழ் நிற்காவிட்டாலோ வீட்டு வேலை முடிந்தது, வைத்தியரிடம் போங்கள். அவர் கண்ணாடித் தட்டில் ஒற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பக்டீரியாவா, மலசீசியா என்கிற ஈஸ்டா, இரண்டுமா என்று சொல்வார். சண்டியனுக்கு இரண்டும்.

தண்ணீர் பற்றி ஒன்று, இது வன்னிக்கு மட்டும்

நம் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீர்தான். சவர்க்காரம் நுரைக்காது. அதில் குளோர்ஹெக்சிடினைக் கலந்து வைத்தால் கலங்கி அடியில் படியவும் கூடும், படிந்தது மருந்துதான். சவர்க்காரம் போட்ட கையோடு இந்த மருந்தைப் பூசினாலும் அதன் பலன் போய்விடும். மருந்து கலக்க மட்டும் மழைத்தண்ணீரையோ சுத்திகரித்த குடிநீரையோ எடுங்கள், அலசுவதற்குக் கிணறு போதும்.

குழியில் புழு

ஈ முட்டையிட ஒரு நாள் போதும். வாலடியில் சின்ன ஓட்டை, உள்ளே ஏதோ அசைகிறது, அழுகிய மணம், ஈ விடாமல் சுற்றுகிறது. மண்ணெண்ணெய், பினைல், பூச்சிமுட்டை (நாப்தலீன் உருண்டை) எதையும் ஊற்றவோ திணிக்கவோ வேண்டாம். புழு சாகும், சதையும் வேகும், நாயின் ஈரலும் பழுதாகும். மயிரை வெட்டி, உப்புத் தண்ணீரால் கழுவி, தெரிகிற புழுவைக் குறட்டால் எடுத்துவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை சின்னது, உள்ளே தோண்டியிருப்பது பெரிது.

மாடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், நானும் ஒருவன்தான். மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசிமருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. 400 கிலோ மாட்டுக்குச் செய்த செறிவு அது. கண்மட்டத்துக்கு ஏற்றினால் நாய் தள்ளாடும், கண் தெரியாமல் போகும், சாகவும் கூடும். உண்ணிக்கு மாட்டில் தெளிக்கிற அமிட்ராஸும் அப்படித்தான், நாயைச் சோரவைத்து இதயத்துடிப்பையே குறைக்கும்.

மூக்குக்கு மேல் மடிப்பு சிவந்து, கபில நிறத்தில் ஊத்தை

மூக்குக்கு மேலே கயிறு போலக் கிடக்கிற மடிப்பைத் தூக்கிப் பாருங்கள். மேலே மயிர் நன்றாக இருக்கும், கீழே பச்சைப் புண். கண்ணீர், எச்சில், சோற்றுப்பருக்கை எல்லாம் போய்ச் சேருகிற இடம் அது. கண்ணுக்குக் கிட்ட என்பதால் ஸ்க்ரப்பைத் தொடவே வேண்டாம். ஒரு லீற்றர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அதில் துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுவை. அப்புறம் உலர்ந்த துணி. நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்கிறோம், பருக்கையும் போய்விடும்.

கண்ணைப் பாதி மூடியபடி திரிந்தாலோ, கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தாலோ மடிப்பு மயிர் கண்ணில் உரசிப் புண்ணாக்கியிருக்கிறது. அன்றைக்கே காட்டுங்கள். வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த கண்மருந்தை விடாதீர்கள், அதில் ஸ்டீரொயிட் இருந்தால் கருவிழி ஓட்டையாகிவிடும்.

மயிர் வட்டமாகக் கொட்டுகிறது

இங்கேதான் நான் நன்றாக ஏமாந்தேன். கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் மயிர் கொட்டி, தோல் சாம்பல் நிறமாகி, கறுப்புப் பொட்டுகள். அவன் அவ்வளவாகச் சொறியவும் இல்லை. மருந்துக்கடையில் கேட்டேன், மூன்று மருந்து கலந்த கிறீம் ஒன்றைத் தந்து எல்லாத்துக்கும் கேட்கும் என்றார்கள். நாலாம் நாள் சிவப்புப் போனது, எனக்குப் பெரிய சந்தோஷம். இருபதாம் நாள் முகம் முழுக்கப் பரவியிருந்தது.

மாட்டுக்கு ஊசி போட வந்த மிருக வைத்தியர்தான் கண்டார். "அந்தக் கிறீமை எறியுங்கோ அண்ணை, முதல்ல சுரண்டிப் பாப்பம்" என்று, சவர அலகின் மொட்டைப் பக்கத்தால் இரத்தம் துளிர்க்கும்வரை தோலைச் சுரண்டி எடுத்தார். டெமொடெக்ஸ். மயிர்க்காலுக்குள் இருக்கிற, சுருட்டு மாதிரி நீண்ட சிற்றுண்ணி. எல்லா நாயிலும் கொஞ்சம் இருக்கும், உடம்பு இளைத்தால் பெருகும். கிறீமில் இருந்த ஸ்டீரொயிட் சிவப்பை மறைத்துவிட்டு, தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிட்டது. சிற்றுண்ணிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

ஃப்ளூரலானர், அஃபோக்சோலானர் வகைக் குளிசைகள் இதற்கு நல்ல பலன், உண்ணியும் தெள்ளும் சேர்ந்து போகும். ஃப்ளூரலானர் குளிசை ஒன்று 12 கிழமை உண்ணியைத் தடுக்கும் என்பதால் விலை கடித்தாலும் கணக்குப் பார்த்தால் நட்டமில்லை. வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிறை பார்த்துத்தான் தருவார்கள், அந்த நெல்மூடைத் தராசு அங்கேதான் உதவியது. மயிர் முளைத்தவுடன் நிறுத்தவும் கூடாது, ஒரு மாத இடைவெளியில் இரண்டு தரம் சுரண்டிப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால்தான் சுகம்.

அதே மயிர்க்கொட்டல், ஆனால் இரவெல்லாம் சொறிகிறது, காது விளிம்பிலும் முழங்கையிலும் பொருக்கு, உங்களுக்கும் வயிற்றிலும் கையிலும் சிவந்து கடிக்கிறது என்றால் அது சொறிச் சிற்றுண்ணி, ஆளுக்கும் ஏறும். நாயைத் தனியாக வைத்து, படுக்கைச் சாக்கை எரித்துவிடுங்கள். வட்டத்தின் ஓரம் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரையாகவும் இருக்கலாம், அதுவும் தொற்றும், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுகிற பழக்கத்துக்கு வருவோம். கராஜ் தம்பி ஒருவர் போத்தலோடேயே வந்துவிட்டார். "ஒருக்காப் பூசுங்கோ அண்ணை, மூண்டு நாளில சொறி பறந்திடும்." பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் வேலிக்கு அங்கால நின்று, "வைரவற்றை வாகனத்துக்கு ஒயில் மாத்தப் போறியோ?" என்று கேட்டு அவரைத் துரத்தினார். பக்தியால் சொன்னாரோ பகிடிக்குச் சொன்னாரோ தெரியாது, சொன்னது சரி. அந்த ஒயிலில் உலோகக் கழிவு இருக்கிறது, தோலால் உறிஞ்சும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

வயிற்றில் கொப்புளம், சுற்றிவரச் செதில் வளையம்

பெரும்பாலும் ஸ்டஃபிலோகொக்கஸ் பக்டீரியா. கொஞ்சமாக இருந்தால் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ போட்டு, பத்து நிமிடம் ஊறவைத்துக் குளிப்பாட்டுவதே போதும். உடம்பெல்லாம் இருந்தால் செஃபலெக்சின் போன்ற அன்ரிபயோற்றிக்கை வைத்தியர் எழுதுவார். நாளுக்கு இரண்டு வேளை, சோற்றோடு, இரண்டு மூன்று கிழமைக்குக் குறையாமல். ஆழமான புண்ணுக்கு அதைவிட நீளும். ஐந்தாம் நாள் தோல் காய்ந்தது என்று மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள். வீட்டில் மிஞ்சிக் கிடந்த அமொக்சிசிலின் இந்தக் கிருமிக்குப் பெரும்பாலும் கேட்காது.

தோல் தடித்து, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய பாண் மணம்

ஈஸ்ட். கழுத்தின் கீழ், கக்கம், விரலிடை, காது. தோல் யானைத்தோல் போலக் கறுத்துத் தடிக்கும். குளோர்ஹெக்சிடினும் மிக்கொனசோலும் சேர்ந்த ஷாம்பூ கிடைத்தால் அதுதான் வேண்டும். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் தடவுவது நம் கைப்பழக்கம், ஆனால் இந்த ஈஸ்ட் தின்பதே கொழுப்பைத்தான்.

விரலிடையில் சிவந்த கட்டி

பாரமான நாய், அகன்ற பாதம், கிறவல் நிலம். கட்டையான மயிர் திரும்பிச் சதைக்குள் குத்திக் கட்டியாகும். நசுக்காதீர்கள், உள்ளே வெடிக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பாதத்தைப் பத்து நிமிடம் வைத்து, விரலிடையைத் துடைத்து விடுங்கள். ஒரே காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் முள்ளோ புல்விதையோ இருக்கும்.

சுகமாகி, இரண்டு கிழமையில் மீண்டும்

இதற்குத்தான் எல்லாரும் மருந்தை மாற்றுகிறார்கள். முதலில் உங்கள் கையைப் பாருங்கள்: துடைத்தது உலர்ந்ததா, பத்து நிமிடம் முழுதாக வைத்தீர்களா, குளிசையை இடையில் நிறுத்தினீர்களா? எல்லாம் சரியென்றால் சீழில் இருக்கிற கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், பழக்கமான மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகொக்கஸும் இருக்கிறது.

அதுவும் இல்லையென்றால் ஒவ்வாமை. புல்டோக்குக்கு இது பரம்பரைச் சொத்து. சண்டியனுக்குக் கோழித்தலையும் சோறும்தான் முன்பு சாப்பாடு, அதை நிறுத்தி எட்டுக் கிழமை ஆட்டிறைச்சியும் வற்றாளங்கிழங்கும் மட்டும் கொடுத்துப் பார்த்தோம். அவன் முன்பு தின்னாத இறைச்சி என்பதுதான் கணக்கு. மீன்முள் ஒன்று, பிஸ்கட் துண்டு ஒன்று இடையில் போனால் கணக்குக் குழம்பிவிடும், எங்கள் வீட்டுச் சின்னவனால் இரண்டு தரம் குழம்பியது. கடைசியில் சொறிதல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி தூசியோ பூம்பொடியோ, மாரி தொடங்கும்போது கூடும்.

இவ்வளவும் செய்தும் வால்பை மூன்று மாதத்துக்கு ஒருதரம் சீழ் பிடித்தால் வாலையும் குழியையும் சேர்த்து வெட்டி எடுப்பதுதான் வழி. கேட்கப் பயமாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் வாலெலும்பு உள்ளுக்கு வளர்ந்து தோலை விடாமல் குத்துகிற நாய்க்கு அதற்குப் பிறகுதான் நிம்மதி. குதத்துக்கும் நரம்புக்கும் கிட்டச் செய்கிற வெட்டு, மயக்கமருந்தும் சப்பைமூக்குக்கு ஆபத்தானது, அதனால் பழகின கையிடம்தான் போகவேண்டும். நாட்டில் ஒரேயொரு மிருக வைத்திய பீடம் பேராதனையில், அதன் போதனா வைத்தியசாலைக்குத்தான் எங்களுக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார்கள். ஏ9இல் நேரே கண்டி வரை, இரவோடு இரவாகப் போனால் வெக்கைக்கு முன் சேரலாம் என்று வானுக்குக்கூடப் பேசிவைத்திருந்தோம்.

போகவில்லை. நாலு துணி விடயத்தை ஒழுங்காகச் செய்யத் தொடங்கியதில் இருந்து ஐந்து மாதமாகக் குழி காய்ந்திருக்கிறது, தராசில் 23 கிலோ காட்டுகிறான், பின்படியின் ஓரமும் வெளுத்துவிட்டது. கொடியில் அவனுக்கென்று மூன்று துவாய் காய்கிறது. போன கிழமை வந்த மாமா கால் முகம் கழுவிவிட்டு அதில் நீல நிறத்தை எடுத்துத் துடைத்தார். நாங்கள் இன்னும் சொல்லவில்லை.